நான்கு அங்குல இடைவெளி: கொரோலா விடுமுறை வீட்டு லிஃப்ட் விபத்து

2021ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடலோரச் சிற்றூரான கொரோலாவில், விடுமுறைக்காக வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டின் லிஃப்டில் சிக்கி ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். ஒகையோ மாநிலத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தவன் அவன். நகர்ந்த லிஃப்ட் கூண்டின் அடிப்பகுதிக்கும் வாசல் நிலையின் மேற்சட்டத்துக்கும் இடையில் அவன் அகப்பட்டுக்கொண்டான் என்று தீயணைப்புத் துறையினர் தெரிவித்தனர்.

இந்த வகை விபத்து அமெரிக்காவுக்குப் புதிதல்ல. வீட்டு லிஃப்டுகளின் இரண்டு கதவுகளுக்கு நடுவே குழந்தைகள் சிக்கி இறந்ததும், வாழ்நாள் முழுவதும் முடங்கிப் போனதும் அதற்கு முன்பே பதிவாகியிருந்தன. அந்த ஆபத்து லிஃப்ட் தயாரிப்பாளர்களுக்கும் தரநிலைக் குழுக்களுக்கும் அரசு ஆணையத்துக்கும் தெரிந்தே இருந்தது. அவ்வளவு பேருக்குத் தெரிந்த ஒன்று, விடுமுறை வீட்டின் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே நுழையும் ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் மட்டும் ஏன் தெரியாமல் போகிறது என்பதே இந்த ஆய்வு எழுப்பும் கேள்வி.

கொரோலா வீடுகளில் லிஃப்ட் வந்த கதை

கொரோலா இருக்கும் அவுட்டர் பேங்க்ஸ், அட்லாண்டிக் கடலுக்கும் உள்நாட்டுக் காயல்களுக்கும் நடுவே நீளும் ஒடுக்கமான மணல்திட்டுத் தீவுத்தொடர். புயல் காலத்தில் கடல் ஏறும் என்பதால் வீடுகளைத் தூண்கள் மேல் உயர்த்திக் கட்டுகிறார்கள். தரை மட்டத்தில் கார் நிறுத்துமிடமும் விளையாட்டு அறையும், நடுவில் படுக்கையறைகளும், கடல் தெரிய வேண்டும் என்பதற்காக உச்சித் தளத்தில் சமையலறையும் கூடமும் அமைவது அங்கே வழக்கம். எட்டு, பத்துப் படுக்கையறை கொண்ட இந்த வீடுகளை மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாரக் கணக்கில் எடுக்கின்றன. ஒரு வாரத்துக்கான மளிகையையும் பெட்டிகளையும் மூன்று மாடி ஏற்ற வேண்டும், முட்டிவலி உள்ள பெரியவர்களும் ஏற வேண்டும் என்ற தேவையிலிருந்தே இந்த வீடுகளுக்குள் லிஃப்ட் வந்தது.

அதே மாநிலத்தின் ராலி, கேரி நகரப் பகுதித் தமிழ்க் குடும்பங்களுக்கு அவுட்டர் பேங்க்ஸ் சில மணி நேரக் கார்ப் பயணம்தான். கோடையில் ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவை மனதில் வைத்து, ‘லிஃப்ட் உள்ள வீடு’ என்று தேடிப் பதிவு செய்வது நம்மவர்களுக்குள் இயல்பானது. தாத்தா பாட்டிக்காகத் தேர்ந்தெடுக்கும் அதே வசதி பேரப் பிள்ளைகளுக்கு எமனாக முடியக்கூடும் என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைப்பதில்லை. நினைக்க வைக்கும்படி அந்த விளம்பரத்திலும் எதுவும் இருப்பதில்லை.

இரண்டு கதவுகளுக்கு நடுவே

அலுவலகத்திலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ நாம் பார்க்கும் லிஃப்டில், வெளிக்கதவும் உட்கதவும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் சேர்ந்து நகரும். அவற்றுக்கு நடுவே ஒருவர் நின்று அகப்பட்டுக்கொள்ள இடம் இருக்காது. அமெரிக்க வீட்டு லிஃப்டின் அமைப்பு வேறு. ஒவ்வொரு தளத்திலும் வெளிக்கதவாக இருப்பது கைப்பிடி வைத்த சாதாரண மரக்கதவு. பக்கத்து அறைக் கதவிலிருந்தோ அலமாரிக் கதவிலிருந்தோ அதைப் பிரித்து அடையாளம் காண்பது கடினம். அதைத் திறந்தால் லிஃப்ட் கூண்டின் வாயில், கைவிசிறி போல மடிந்து விரியும் மடிப்புக்கதவு ஒன்று நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வெளிதான் இந்த ஆய்வின் மையம்.

அந்த வெளியில் பெரியவர் ஒருவரால் நிற்க முடியாது. ஆகவே பெரியவர் கண்ணுக்கு அது இடமாகவே தோன்றுவதில்லை. ஆனால் சிறு குழந்தை ஒன்று வெளிக்கதவைத் திறந்து, மடிப்புக்கதவு மூடியிருப்பதைப் பார்த்து அதன்மேல் சாய்ந்து நிற்க, பின்னால் வெளிக்கதவு சாத்திக்கொள்ளும். கண்ணாமூச்சி ஆட்டத்தில் ஒளிய இதைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. அந்த நேரத்தில் வேறொரு தளத்தில் யாரோ லிஃப்ட் பொத்தானை அழுத்துகிறார்கள். கூண்டு கிளம்புவதற்கு முன் லிஃப்டின் மின்சுற்று இரண்டே கேள்விகளைக் கேட்கும்: வெளிக்கதவு மூடியிருக்கிறதா, உட்கதவு மூடியிருக்கிறதா? இரண்டும் மூடித்தான் இருக்கின்றன. எனவே வெளிக்கதவு பூட்டிக்கொள்கிறது, கூண்டு நகர்கிறது. இடையில் ஓர் உயிர் நிற்கிறதா என்று கேட்க அந்தச் சுற்றில் எந்த ஏற்பாடும் இல்லை. பாதுகாப்புக்கென்று வைத்த பூட்டே குழந்தை வெளியே வரும் வழியை அடைக்கிறது.

மடிப்புக்கதவின் தன்மை நிலைமையை மேலும் மோசமாக்குகிறது. அது மேடும் பள்ளமுமாக மடிந்து நிற்பதால், மேட்டிலிருந்து அளந்தால் ஓர் அளவும் பள்ளத்திலிருந்து அளந்தால் அதைவிடப் பெரிய அளவும் வரும். தவிர, அது மெல்லிய பொருளால் ஆனது. குழந்தையின் எடை பட்டாலே உள்வாங்கி இன்னும் சிறிது இடம் கொடுக்கும்.

வீட்டு லிஃப்டுகளுக்கான அமெரிக்கத் தரநிலை, வெளிக்கதவுக்கும் உட்கதவுக்கும் இடையில் 5 அங்குலம் வரையிலும், வெளிக்கதவுக்கும் நிலைப்படியின் விளிம்புக்கும் இடையில் 3 அங்குலம் வரையிலும் நெடுங்காலம் அனுமதித்து வந்தது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இவை முறையே 4 அங்குலமாகவும் முக்கால் அங்குலமாகவும் குறைக்கப்பட்டன. இதில் என் மனதை விட்டு அகலாத ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாதிரிக் குடியிருப்புக் கட்டட விதிகளின்படி, மாடி முகப்பின் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே 4 அங்குல விட்டமுள்ள பந்து நுழையக் கூடாது. குழந்தையின் உடல் நுழைந்துவிடக் கூடாது என்பதே அந்த அளவுக்குக் காரணம். அப்படியானால் ஒரே வீட்டின் முகப்புக் கம்பிக்குப் பொருந்திய அறிவு, அதே வீட்டின் லிஃப்ட் கதவுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்திருக்கின்றன.

தரநிலை 5 அங்குலத்தை அனுமதித்த காலத்திலும், அதைவிட அகலமான இடைவெளிகள் பல வீடுகளில் இருந்தன. அதற்குக் காரணம் வேலை பிரிந்து கிடக்கும் முறை. கூண்டையும் மடிப்புக்கதவையும் ஒரு நிறுவனம் தயாரிக்கிறது. ஒரு முகவர் பொருத்துகிறார். வெளிக்கதவை வீட்டைக் கட்டும் தச்சர் மாட்டுகிறார். மற்ற அறைக் கதவுகளோடு ஒரே வரிசையில் அழகாகத் தெரிய வேண்டும் என்று தச்சர் அதை நடைவழிப் பக்கமாக மாட்டிவிட்டால், சுவரின் கனம் அத்தனையும் இடைவெளியோடு சேர்ந்துவிடும். அவருடைய பார்வையில் அது சரியாக மாட்டப்பட்ட கதவுதான். மொத்த இடைவெளியை அளந்து பார்க்க வேண்டிய பொறுப்பு மூவரில் யாருடையது என்பது தெளிவாக இல்லாத இடத்தில், பெரும்பாலும் ஒருவரும் அளப்பதில்லை.

தெரிந்திருந்த ஆபத்து

அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், கொரோலா விபத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 2019இல், இந்த இடைவெளியைப் பற்றிப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. கொரோலா விபத்துக்குச் சில நாள்களுக்கு முன்புதான், பழைய விபத்துகளை முன்வைத்து, திசன்குரூப் அக்செஸ் என்ற லிஃப்ட் நிறுவனத்தின் மீது அதே ஆணையம் சட்ட நடவடிக்கை தொடங்கியது. அந்தப் பழைய விபத்துகளில், 2017இல் இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தையும், 2010இல் நிரந்தரமாக முடங்கிப் போன மூன்று வயதுக் குழந்தையும் அடக்கம். கொரோலா வீட்டின் லிஃப்டுக்கும் அந்த வழக்குக்கும் தொடர்பு உண்டு என்று இங்கே சொல்லப்படவில்லை. ஆபத்தின் வகை அந்த வாரத்தில் எந்த அளவுக்கு அறியப்பட்டிருந்தது என்பதைக் காட்டவே இது குறிப்பிடப்படுகிறது.

அறியப்பட்டிருந்தும் தடுக்கப்படவில்லை. பொதுக் கட்டடங்களின் லிஃப்டுகளை மாநிலத் தொழிலாளர் துறை முறைப்படி ஆய்வு செய்யும். தனி வீட்டு லிஃப்ட் அந்த வளையத்துக்கு வெளியே நின்றது. கட்டும்போது ஒருமுறை பார்ப்பதோடு அரசின் கண் அதைவிட்டு அகன்றது. வீட்டுக்குள் வசிப்பவர் தம் வீட்டைத் தாமே பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம் அதற்கு அடிப்படை. கோடை முழுவதும் வாரம் ஒரு புதுக் குடும்பம் வந்துபோகும் கட்டடத்தை, ஒரே குடும்பம் வசிக்கும் வீடாகவே சட்டம் கருதி வந்தது என்பதில்தான் கோளாறு இருந்தது.

நினைவு இல்லாத வீடு

நிரந்தரமாகக் குடியிருக்கும் வீட்டில், குழந்தை ஒருமுறை லிஃப்ட் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு அலறினால், அந்தக் குடும்பம் ஆயுளுக்கும் அதை மறக்காது. அன்றே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிடும். விடுமுறை வீட்டில் அதே சம்பவம் நடந்து குழந்தை தப்பித்துவிட்டால், பெற்றோர் அதைக் கட்டியணைத்து ஆறுதல் சொல்லிவிட்டுச் சனிக்கிழமை காலை சாவியை ஒப்படைத்துக் கிளம்பிவிடுவார்கள். அந்த அனுபவம் அவர்களுடைய ஊருக்குப் போய்விடுகிறது. மாலையில் அடுத்த குடும்பம் ஒன்றும் அறியாமல் உள்ளே நுழைகிறது. வீட்டு உரிமையாளரோ பல நேரம் வேறு மாநிலத்தில் இருப்பவர்; நிர்வாக நிறுவனம் நூற்றுக்கணக்கான வீடுகளைக் கவனிக்கக்கூடும். மயிரிழையில் தப்பிய நிகழ்வுகள் ஓரிடத்தில் சேர்ந்து எச்சரிக்கையாகத் திரள வழியே இல்லாத அமைப்பு இது. விடுமுறை வீட்டுப் பாதுகாப்பில் ஆக அடிப்படையான பலவீனம் இதுவே என்பது என் உறுதியான கருத்து.

வட கரோலினாவிலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. பூன் என்ற மலையூரில் ஒரு ஹோட்டல் அறையில் 2013 ஏப்ரலில் முதிய தம்பதியர் இறந்தனர். காரணம் உடனே பிடிபடவில்லை. ஜூன் மாதம் அதே அறையில் தங்கிய பதினொரு வயதுச் சிறுவன் இறந்தான். அவனுடைய தாய் உடல்நலம் குலைந்து உயிர் தப்பினார். அறைக்குக் கீழே, நீச்சல் குளத்து நீரைச் சூடாக்கும் கருவியின் புகைபோக்கிக் குழாய் அரித்துப்போய், கார்பன் மோனாக்சைடு மேலே ஏறியிருந்தது. நிறமோ வாடையோ இல்லாத அந்த வாயுவால் முந்தைய விருந்தினருக்குத் தலைவலி வந்திருந்தால்கூட, பயணக் களைப்பு என்று எண்ணிப் போயிருப்பார்கள். அந்தச் சிறுவன் இறந்த பிறகே, எரிபொருள் கருவிகள் உள்ள தங்கும் விடுதிகளில் கார்பன் மோனாக்சைடு உணர்கருவி கட்டாயம் என்று அம்மாநிலம் சட்டம் இயற்றியது.

எமரால்டு ஐல் என்ற மற்றொரு கடலோர ஊரில், 2015 ஜூலை 4 அன்று, குடும்பப் புகைப்படத்துக்காக வாடகை வீட்டின் மரமேடையில் எல்லோரும் கூடி நின்றபோது மேடை இடிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். கடற்காற்றில் ஆணிகள் உள்ளுக்குள் துருவேறிக் கிடப்பதை மேலிருந்து பார்த்துச் சொல்ல விருந்தினரால் முடியாது.

விபத்துக்குப் பின்

கொரோலா மரணம் நிகழ்ந்த சில வாரங்களில், மாநிலக் காப்பீட்டு ஆணையரும் அப்போது மாநிலத் தீப் பாதுகாப்புத் தலைமை அதிகாரியுமாக இருந்த மைக் காசி, வாடகை வீட்டு லிஃப்டுகளைச் சரிசெய்யும்வரை இயக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகஸ்டில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தற்காலிகத் தலைவர் ராபர்ட் ஆட்லர், விடுமுறை வாடகை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதினார். தகுந்த ஆய்வு முடியும்வரை எல்லாத் தளங்களிலும் லிஃப்டின் வெளிக்கதவுகளைப் பூட்டிவைக்க வேண்டும், அல்லது லிஃப்டையே முடக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளர்களைக் கட்டாயப்படுத்துமாறு அக்கடிதம் வலியுறுத்தியது. 2022 ஜனவரியில் மூன்று நிறுவனங்கள் ஏறத்தாழ 69,000 வீட்டு லிஃப்டுகளைத் திருத்தத்துக்காகத் திரும்ப அழைத்தன. திசன்குரூப் வழக்கும் பின்னர் உடன்பாட்டில் முடிந்து, சுமார் 16,800 லிஃப்டுகள் ஆய்வுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

எல்லாவற்றிலும் முக்கியமானது 2022இல் வட கரோலினா இயற்றிய சட்டம். அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அது, விடுமுறைக்கு வாடகைக்கு விடப்படும் வீட்டின் லிஃப்டில் இரு கதவுகளுக்கு நடுவிலான இடைவெளி 4 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், உட்கதவு 75 பவுண்டு, அதாவது சுமார் 34 கிலோ, விசையைத் தாங்க வேண்டும் என்றும் விதித்தது. இதன் சிறப்பு, பழைய லிஃப்டுகளையும் அது விட்டுவைக்காததுதான். தரநிலை மாறும்போது புதுக் கட்டுமானம் மட்டுமே அதற்குக் கட்டுப்படும். முன்பே பொருத்தியவை அப்படியே தொடரும். குழந்தைகளின் உயிரைப் பறித்தவை அந்தப் பழைய இடைவெளிகள்தாம் என்பதால், இந்தச் சட்டம் சரியான இடத்தில் கை வைத்தது. அண்டை வீடு வாடகைக்கு விடப்படாததாக இருந்தால், அதன் லிஃப்ட் இன்றும் இந்தச் சட்டத்துக்குள் வராது என்பது ஒரு குறை.

அளப்பதும் அடைப்பதும்

இடைவெளியைச் சோதிக்க நிபுணர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கூண்டு அதே தளத்தில் நிற்கும்போது வெளிக்கதவைத் திறந்து, மடிப்புக்கதவை முழுவதும் மூடிவிட வேண்டும். வெளிக்கதவு சாத்தியிருக்கும்போது அதன் உட்புற முகம் எங்கே வந்து நிற்குமோ, அந்த இடத்தில் ஒரு நேரான கட்டையை நிலைக்குக் குறுக்கே வைத்து, அங்கிருந்து மடிப்புக்கதவின் மிக ஆழமான பள்ளம்வரை டேப்பால் அளக்க வேண்டும். பிறகு மடிப்புக்கதவைக் கையால் நன்றாக அழுத்திப் பிடித்து மறுபடியும் அளக்க வேண்டும். இரண்டாவது அளவே உண்மையான அளவு. குழந்தையின் உடல் அந்தக் கதவைத் தள்ளத்தான் செய்யும். ஒவ்வொரு தளத்திலும் தச்சு வேலை வேறுபட்டிருக்கும் என்பதால், ஒரு தளத்தில் கிடைத்த அளவை வைத்து மற்றத் தளங்களையும் சரியென்று விட்டுவிடக் கூடாது.

எங்காவது 4 அங்குலத்தைத் தாண்டினால், வெளிக்கதவின் உட்புறத்தில் இடைவெளியை நிரப்பும் தடுப்புப் பெட்டி ஒன்றைப் பொருத்துவது எளிய வழி. கதவு சாத்தும்போது அந்தப் பெட்டி இடத்தை அடைத்துக்கொள்ளும். குழந்தை அங்கே நின்றால் கதவே சாத்தாது, கதவு சாத்தாவிட்டால் கூண்டு நகராது. முன்பு தவறான பதிலை ஏற்றுக்கொண்ட அதே மின்சுற்று இப்போது சரியாகக் காவல் காக்கிறது. வாரம் பல ஆயிரம் டாலர் வாடகை ஈட்டும் வீட்டுக்கு இது பொருட்டே இல்லாத செலவு. இதற்குப் பதிலாக, ‘குழந்தைகள் தனியாக லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது’ என்று அட்டை எழுதி ஒட்டுவதைப் பல வீடுகளில் காணலாம். ஒட்டட்டும், தவறில்லை. ஆனால் படிக்கத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையின் உயிரை அந்த அட்டையின் பொறுப்பில் விடுவதை ஏற்க முடியாது.

சரிசெய்ய ஆள் வரும்வரை லிஃப்டை முடக்க வேண்டும். மின்பெட்டியில் சுவிட்சை அணைத்துவிட்டு வருவது போதாது. மளிகைப் பைகளோடு வந்திறங்கும் விருந்தினர் ‘ஏதோ அணைந்திருக்கிறது’ என்று தாமே போட்டுவிடுவார். சுவிட்சின் மேல் பூட்டு போட வேண்டும், வெளிக்கதவுகளையும் சாவியால் பூட்ட வேண்டும்.

வீட்டின் நினைவைக் காப்பாற்றும் வேலையை நான் துப்புரவுப் பணியாளர்களோடு சேர்த்துப் பார்க்கிறேன். ஒரு குடும்பம் வெளியேறி அடுத்த குடும்பம் நுழைவதற்கு நடுவே உள்ள சில மணி நேரத்தில், வீட்டின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கால்வைப்பவர்கள் அவர்கள் மட்டுமே. 4 அங்குலப் பந்து ஒன்றையும் ஒரு பதிவேட்டையும் அவர்கள் கையில் கொடுத்து, இந்தச் சோதனைக்கான நேரத்துக்கும் கூலி கொடுத்தால், தடுப்புப் பெட்டி கழன்றிருப்பதும், உணர்கருவியின் பேட்டரி உருவப்பட்டிருப்பதும், மேடைக் கைப்பிடி ஆட்டம் கண்டிருப்பதும் அந்த வாரமே எழுத்தில் வந்துவிடும். கிளம்பும் விருந்தினரிடமும் ‘தங்கல் எப்படி இருந்தது’ என்று பொதுவாகக் கேட்பதோடு விடாமல், யாராவது எங்காவது மாட்டிக்கொண்டார்களா, வழுக்கினார்களா, தலைசுற்றல் வந்ததா என்று குறிப்பாகக் கேட்டுப் பதிய வேண்டும். அந்தப் பதிவேடு நிர்வாக நிறுவனம் மாறினாலும் வீடு கைமாறினாலும் வீட்டோடு போக வேண்டும்.

பதிவு செய்யும் குடும்பத்தார் முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்க வேண்டியவை உண்டு. லிஃப்டின் எல்லாத் தளங்களிலும் இடைவெளி அளக்கப்பட்டதா, தடுப்பு பொருத்தப்பட்டதா, கடைசியாக எந்தத் தேதியில் யார் பார்த்தார்கள், கார்பன் மோனாக்சைடு உணர்கருவி எந்தெந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால், லிஃப்டை முடக்கித் தரும்படி சொல்லிவிட்டு, பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கையறை உள்ள வீட்டைத் தேடலாம். வீட்டுக்குள் நுழைந்ததும், பெட்டிகளை இறக்கும் முன்பே, பெரியவர் ஒருவர் எல்லாத் தளங்களுக்கும் போய், அறைக்கதவு போலத் தோன்றும் ஒவ்வொரு கதவையும் திறந்து, எது லிஃப்ட் என்று பார்த்து வர வேண்டும். அதுவரை பிள்ளைகள் வாசலிலேயே இருக்கட்டும்.